ஒயர் பிரேக்கா, ஆயில் பிரேக்கா

செப்டம்பர் 8, திங்கள்

என்னைப் பிக்கப் வேனில் ஏற்றி மலையிலிருந்து இறக்கினார்கள். போன நவம்பரில் நடந்தது. இந்த நோட்டை அதிலிருந்துதான் தொடங்க முடியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறி, அங்கே டீ குடித்துவிட்டு, சைக்கிளிலேயே இறங்கி வருவது எங்கள் காரமடை சைக்கிள் குழுவின் வருடாந்திரச் சவாரி. குழுவில் வயதில் மூத்தவன் நான்தான். யார் உதவியும் இல்லாமல் ஏறிவிட்டேன். இறங்கும் நேரத்தில் குழுத் தலைவர் மருதாசலம் என் சைக்கிளைத் தூக்கி பிக்கப்பில் இருந்த கேரட் மூட்டைகளின் மேல் வைத்துவிட்டார்.

"உங்க கை நடுங்குதுங்ணா. ரிஸ்க் வேண்டாம்" என்றார்.

கோத்தகிரிக் குளிரில் யார் கைதான் நடுங்காது? அன்று மாலை வாட்ஸாப்பில், "பொங்கியண்ணன் ஐயா பத்திரமாக இறக்கப்பட்டார்" என்று போட்டார். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கும்பிடு பொம்மை. இறக்கப்பட்டாராம். ஆயுசு முழுக்க மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி நடத்தியவன் நான். மலையிலிருந்து மூட்டையைத்தான் இறக்குவார்கள்.

மருதாசலம் பல் டாக்டர். அவர் முன்னால் உட்காருகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் இருப்பவர்கள். அந்தப் பழக்கத்தில் எல்லோரிடமும் அப்படியே நடந்துகொள்கிறார்.

இந்த வருஷம் சவாரி நவம்பர் ஒன்பதாம் தேதி. என் சைக்கிளில் நான் இறங்குவேன். பழைய சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வும், மழையில் வழுக்கும். அதனால் டிஸ்க் பிரேக் வைத்த புது சைக்கிளுக்குச் சொல்ல இன்று கோயமுத்தூரில் ரெஜினா கடைக்குப் போனேன். கடையும் அவளுடையது, ஸ்பானரும் அவள் கையில்தான்.

டிஸ்க் பிரேக்கில் இரண்டு வகை. பிரேக்கைப் பிடித்தால் ஒயர் இழுத்து, சக்கரத்தின் இரும்பு வட்டைக் கட்டைகள் கவ்வுவது ஒன்று. மெல்லிய குழாய்க்குள் இருக்கும் ஆயில் கட்டைகளைத் தள்ளுவது இன்னொன்று. இதைக் கடைக்குப் போகும் முன்பே நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"அங்கிள், யோசிக்கவே வேண்டாம். ஹைட்ராலிக், அதான் ஆயில் பிரேக்கு, போட்டுக்கங்க" என்றாள் ரெஜினா. நான் எந்த ஊரில் அவளுக்கு அங்கிள்?

"ஒயரே போடும்மா. ஒயர் அறுந்தா கண்ணுக்குத் தெரியும். நானே மாத்திக்குவேன். ஆயில் ஒழுகுனா நடுமலையில ஒன்னையத் தேடிட்டா வருவேன்?"

"ஒயர்னா அழுத்திப் பிடிக்கணும். இறக்கம் முழுக்க அழுத்திக்கிட்டே வரணும். ஆயில்னா ஒரு விரல் போதும். கையில பிடிப்பு இல்லாதவங்க எல்லாரும் இப்ப அதுதான் போடறாங்க. உங்க கைக்கு..."

"என் கைக்கு என்ன?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொடுத்த டீயை நான் பெஞ்சில் வைத்திருந்தேன். சூடாக இருந்தது, அதனால் வைத்தேன்.

ஒயர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. இந்தப் பேனா சரியில்லை, எழுத்து கோணுகிறது. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

சைக்கிள் வந்துவிட்டது. சாம்பல் நிறம். காரமடைத் தேர்வீதியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பிரேக் பிடித்தால் நிற்கிறது. வேறென்ன வேண்டும்? பாவாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். "பாத்துப் போங்க" என்பதைத் தவிர என் மனைவி இத்தனை வருஷத்தில் என் சைக்கிள் பற்றி வேறு எதுவும் சொன்னதில்லை.

செப்டம்பர் 24, புதன்

குஞ்சப்பனை வரை ஏறி இறங்கினேன். ஏற்றத்தில் மூச்சு நன்றாக இருந்தது. இறங்கும்போது அடிக்கடி நிறுத்திக் காட்சி பார்த்தேன். பவானிப் பக்கம் பச்சையாக இருக்கிறது. ஒரு வளைவில் காட்சி ஒன்றும் இல்லை, பாறைதான். அதையும் சற்று நேரம் பார்த்தேன்.

வீட்டில் புளி ஜாடியைத் திறக்கச் சொன்னாள் பாவாத்தாள். மூடி இறுகிவிட்டது. புளியில் உப்பு அதிகம் போட்டால் மூடி இறுகும் என்று சொன்னேன். அவளே திறந்துகொண்டாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

மண்டி நாளிலிருந்து இந்தப் பூஜையில் நான் குறை வைத்ததில்லை. தராசு, எடைக்கல், கோணி ஊசி எல்லாம் துடைத்து எண்ணெய் பூசிப் படைப்போம். இப்போது இருப்பது சைக்கிள்தான். காலையிலிருந்து மண் போகக் கழுவி, காயவைத்து, தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியால் கம்பி கம்பியாகத் துடைத்தேன். டிஸ்க் வட்டுகளை மட்டும் தனியாக, அழுத்தித் தேய்த்தேன். துருப்பிடிக்கக் கூடாதல்லவா. வெள்ளித் தட்டு மாதிரி முகம் தெரிந்தது.

பாவாத்தாள் ஹேண்டில்பாரில் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டாள். பொரிகடலை, சுண்டல். எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கி ஒரு சுற்று வந்தேன். மனசு நிறைந்திருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

அவமானம்.

சவாரிக்கு வருகிறவர்களுக்கு மருதாசலம் பிரேக் சோதனை வைத்தார். இந்த வருஷம் புதிதாக வைத்தது. யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து மிதிக்காமல் உருண்டு வந்து, சுண்ணாம்பில் போட்ட கோட்டில் பிரேக் பிடித்து, அடுத்த கோட்டுக்குள் நிற்க வேண்டும். எல்லோரும் நின்றார்கள். நான் பிடித்தேன். பன்றியைக் கட்டும்போது கத்துமே, அப்படி ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை. முதல் கோடு போனது, இரண்டாவது கோடு போனது, மருதாசலம் போனார். டீக்கடை பெஞ்சில் போய்த்தான் நின்றேன்; அங்கே உட்கார்ந்திருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டதால் பிழைத்தார்.

"டீ சொல்லட்டுங்களா?" என்றார் அந்த மனிதர். சிரித்தார்கள்.

மருதாசலம் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "வருத்தப்படாதீங்ணா. மேல வரைக்கும் ஏறுங்க. எறங்கறப்ப பிக்கப்ல முன்சீட்டு ஒங்களுக்குத்தான்."

"பிரேக்கு சரியில்ல டாக்டரே. தயாரிப்புல கோளாறு."

"பிரேக்கா, கையிங்களாண்ணா?"

சொல்ல வேண்டிய பதிலை நவம்பர் ஒன்பதாம் தேதி சொல்வேன்.

அக்டோபர் 6, திங்கள்

ரெஜினாவிடம் சண்டை போடப் போனேன். பாவாத்தாளுக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவளும் கூட வந்தாள்.

ரெஜினா பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை, ஒயரைத் தொடவில்லை. குனிந்து டிஸ்க்கை மோந்து பார்த்தாள்.

"அங்கிள், ஆயுத பூஜை நல்லாக் கொண்டாடுனீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"தேங்கா எண்ணெ வாசம் அடிக்குது. டிஸ்க்ல எண்ணெ பட்டா எந்தக் கட்டை கவ்வும்? ஒயராயிருந்தாலும் சரி, ஆயிலாயிருந்தாலும் சரி. பூஜை முடிஞ்ச மறுவாரம் வருஷா வருஷம் எனக்கு இதுதான் வேலை. அதோ அந்த மூணு வண்டியும் இதே கேஸ்தான். பொட்டு வைங்க, மாலை போடுங்க. டிஸ்க்கை மட்டும் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டாதீங்க."

எண்ணெய் படக்கூடாது என்றால் டிஸ்க்கிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. அது தயாரிப்புக் கோளாறுதான். அப்படியே சொன்னேன்.

கட்டைகளை மாற்றி, டிஸ்க்கை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தாள். அது முடியும் வரை பாவாத்தாள் சும்மா நிற்காமல் அங்கே மாட்டியிருந்த ஒரு சைக்கிளின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஆயில் பிரேக். பிறகு என் வண்டியின் பிரேக்கைப் பிடித்தாள். மறுபடி அதைப் பிடித்தாள்.

"ஏனுங்க, இது மாவு மாதிரி இருக்குது. ஒங்குளுது கெணத்துக் கவுறாட்ட இருக்குது" என்றாள்.

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பாவாத்தாள் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "சித்திரையிலிருந்து உங்க சட்டப் பொத்தான நாந்தான் போட்டுடறேன். ஒரு சனத்துகிட்டச் சொல்லீருப்பனா?"

நான் சன்னல் பக்கம் பார்த்தேன். காரமடை வரை மழை.

அக்டோபர் 8, புதன்

கை பற்றி எழுத ஒன்றும் இல்லை. காலையில் விரல்கள் மடங்கச் சற்று நேரம் ஆகும், எல்லோருக்கும் ஆவதுதான். வெந்நீரில் வைத்தால் சரியாகிவிடும். வைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு நாளாக ஆயில் பிரேக் பற்றிப் படிக்கிறேன். ரெஜினா சொன்னதற்காக இல்லை. எதிரியைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். இங்கிலீஷை மருந்து டப்பாவிலும் மோட்டார் பம்பு அட்டையிலும் படித்துக் கற்றவன். பிரேக் கம்பெனிக்காரன் எழுதிய இங்கிலீஷ் எனக்குப் பெரிய விஷயமில்லை.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது பிடிபட்டது. என் மண்டிக்கு ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் உருளைக்கிழங்கு வந்ததே, அந்தச் சின்ன வேன்கள் எல்லாம் எந்தப் பிரேக்கில் இறங்கின? ஆயில் பிரேக்கில். மழையில், பனியில், மூட்டை அடுக்கி. ஒயரை நம்பி எவனாவது மூட்டை ஏற்றியிருப்பானா? அப்படி ஏற்றி வந்த ஒருவனிடமாவது நான் சரக்கு வாங்கியிருப்பேனா?

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது. ரெஜினாவுக்குக்கூட இந்தக் காரணம் தெரியாது.

அக்டோபர் 13, திங்கள்

ரெஜினாவிடம் போய் வேன் விஷயத்தை விளக்கினேன். "இதுக்குத்தான் ஆயில் போடச் சொல்றேன். வேற காரணம் இல்ல" என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"சரிங்க அங்கிள். வேற காரணம் இல்ல" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல வியாபாரி.

"ஒரு நிபந்தனை. ஆயில் மாத்தறது, காத்து எடுக்கறது எல்லாம் நான் கத்துக்கணும். என்னால பிரிக்க முடியாத சாமான என் வண்டியில மாட்ட மாட்டேன்."

"கத்துத் தர்றேன். ஆனா அதுக்குள்ள கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊத்தணும். தேங்கா எண்ணெ ஊத்துனா..."

"ஏம்மா, அதையே எத்தன நாளைக்குச் சொல்லுவே?"

"அடுத்த ஆயுத பூஜை வரைக்கும்."

அக்டோபர் 17, வெள்ளி

ஆயில் பிரேக் மாட்டியாயிற்று. வீட்டில் வைத்து ஆயிலை வடித்து மறுபடி நிரப்பிப் பார்த்தேன். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதை சிரிஞ்ச் வைத்துத் தள்ளி எடுக்க வேண்டும். முதல் தடவை முறுக்குத் தட்டில் ஒழுகிவிட்டது. பாவாத்தாள் திட்டினாள். இரண்டாம் தடவை அவள்தான் சிரிஞ்சைப் பிடித்தாள். இன்னொரு ஆள் இருந்தால் நல்லது என்று வீடியோவிலேயே சொல்கிறார்கள்.

"மெதுவாத் தள்ளு புள்ள."

"தெரியுமுங்க. நம்ம பாப்பாவுக்கு மருந்து குடுத்த கையிது."

கடைசிக் குமிழி குழாயில் ஏறி வந்து வெடித்தது. பிரேக்கைப் பிடித்தேன். கல் மாதிரி நின்றது. ஒரு விரலில்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் என் தலைக்கு மட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

மறு சோதனை கேட்டு வாங்கினேன். மருதாசலம் ஒருவர்தான் வந்தார். அதே மேடு. முதல் கோட்டில் பிடித்தேன். அங்கேயே நின்றேன். இரண்டாவது கோட்டை அவர் எதற்காகப் போட்டார் என்றே தெரியவில்லை.

"நல்லாத்தான் நிக்குதுங்ணா" என்றார். உடனே, "ஆனா இது தம்மாத்தூண்டு எறக்கம். மேல மழை வந்துச்சுன்னா நான் சொல்றதுதான். பிக்கப்புன்னா பிக்கப்தான்."

பல்லைப் பிடுங்கும்வரை விடமாட்டார் போல.

நவம்பர் 8, சனி

நாளை. வானம் மூடியிருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

இதை எழுதுவது பாவாத்தாள். சொல்வது நான். இரண்டு கையும் வீங்கியிருக்கிறது. பேனாவில் ஒரு குறையும் இல்லை.

விடியும் முன் மேட்டுப்பாளையத்தில் கிளம்பினோம். ஏற்றம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏற்றத்தில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அரவேணு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரியில் டீக்கடைக்குள் எல்லோரும் ஒண்டி நின்றபோது எதிர்ப்பக்கத் தேயிலைத் தோட்டமே தெரியவில்லை, அவ்வளவு பனி. மருதாசலம் வெளியே போய் பிக்கப்பின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்ணா, வாங்க. ரோடு வழுக்குது. அடம் புடிக்காதீங்க."

எல்லோரும் டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் என் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலால் பிரேக்கைப் பிடித்தேன். "டாக்டரே, இங்க வாங்க. டிரைவரையும் கூப்புடுங்க. ரெண்டு பேரும் சேந்து என்னைத் தள்ளுங்க. வண்டி உருண்டுதுன்னா நானே வந்து பிக்கப்ல ஏறிக்கறேன். கேரட்டு மேலகூட உக்காந்துக்கறேன்."

"வெளையாடாதீங்ணா."

"தள்ளுங்க."

டிரைவர் சிரித்துக்கொண்டே வந்தார். இருவரும் கைவைத்தார்கள். தள்ளினார்கள். பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பியது, மறுபடி உட்கார்ந்தது. வண்டி உருளவில்லை. இன்னொரு தடவை தள்ளினார்கள். டிரைவர் கால் வழுக்கி மருதாசலத்தின் மேல் சாய்ந்தார்.

"உருளலீங்க டாக்டர். நான் போயி வண்டிய எடுக்கறேன்" என்றார் டிரைவர்.

டீக்கடைக்குள்ளிருந்து யாரோ கை தட்டினார்கள். (எல்லாருந் தட்டுனாங்கன்னு நேத்துச் சொன்னீங்க. — பாவாத்தாள்)

எல்லோரும் தட்டினார்கள்.

மருதாசலம் கதவைச் சாத்தினார். "சரிங்ணா. நான் உங்க பின்னாடியே வர்றேன்."

"வாங்க. வழி தெரியாட்டி என்னப் பாத்துக்கங்க" என்றேன்.

இறங்கினேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு விரல், வளைவில் விடுதல், மறுபடி ஒரு விரல். தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்து ஓடியது. காட்சி பார்க்க நான் எங்கும் நிற்கவில்லை. (போன தடவையும் காட்சி பாக்கலைன்னு எனக்குத் தெரியும். — பா.) குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவு திரும்பியதும் நடுரோட்டில் காட்டெருமை. முதுகிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுக, சுவர் மாதிரி நின்றது. பிடித்தேன். நின்றேன். சத்தமே இல்லை. அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு வேன் நிறுத்தலாம், அவ்வளவு இடம் இருந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு இடது கையைத் தூக்கிக் காட்டினேன். ஒவ்வொருவராகக் கிறீச்சிட்டு நின்றார்கள். மருதாசலத்தின் வண்டி ஒயர் பிரேக். இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஷூவின் அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

எருமை எங்களைப் பார்த்தது. தன் இஷ்டத்துக்குத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது. அதன்பின் யாரும் பிக்கப் பற்றிப் பேசவில்லை. மருதாசலம் மட்டும், "அந்தப் பிரேக்கு எங்க மாட்டுனீங்ணா?" என்று கேட்டார். ரெஜினா கடைப் பெயரைச் சொன்னேன். வேன் காரணத்தையும் சொன்னேன்.

மேட்டுப்பாளையத்தில் முதலில் இறங்கியது நான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாவாத்தாள் குடையோடு நின்றாள். வருவேன் என்று சொல்லவில்லை, வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன். தாடைக்குக் கீழே கொக்கி சிக்கிக்கொண்டது. (சிக்கல. கை வரல. வெரல் அப்பிடியே பிரேக்குப் புடிச்ச மாதிரி மடங்கி நின்னுடுச்சு. — பா.)

எழுத வேண்டாம் என்று சொன்னேன். எழுதிவிட்டாள். சரி, இருக்கட்டும்.

கை வரவில்லை. சித்திரையிலிருந்தே சரியாக வரவில்லை. போன நவம்பரில் நடுங்கியதும் குளிரால் இல்லை. அந்தக் கையோடுதான் கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். நல்ல கை வைத்திருக்கிற யாருக்கும் இதில் என்ன பெருமை இருக்கிறது?

அதற்குள் குழு முழுக்க வந்து சேர்ந்து சுற்றி நின்றது. மருதாசலம், "நான் கழட்டட்டுங்களாண்ணா?" என்று கையை நீட்டினார். தள்ளிப் போகச் சொன்னேன். பாவாத்தாள் பக்கம் திரும்பி, மழையில், பஸ் நிலையத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, தாடையைத் தூக்கிக் காட்டினேன். அவள் குடையை மருதாசலத்தின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கொக்கியைக் கழற்றினாள். டாக்டர் எங்கள் இருவருக்கும் குடை பிடித்தார்.

எழுது புள்ள: ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

(எழுதிட்டேனுங்க.)